விலையைச் சொல்லிவிட்டு விளம்பரம் செய்யுங்கள்: யாழ்ப்பாணக் கடைக்காரருக்கு இணையச் சந்தைப்படுத்தல் பற்றி ஓர் அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கடை இருப்பதை ஊருக்குத் தெரியப்படுத்தும் வழிகள் முன்பு விரல்விட்டு எண்ணக்கூடியவை. பத்திரிகையில் ஒரு மூலை விளம்பரம், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ, பஸ் நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரசுரம், கோயில் மலரில் ஒரு பக்க வாழ்த்து. இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. கேட்டவர் யார், படித்தவர்களில் கடைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று முதலாளிக்குத் தெரியவே தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும்.

இணையச் சந்தைப்படுத்தல் அதே வேலையைக் கைத்தொலைபேசித் திரையில் செய்கிறது. வேறுபாடு இரண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்பதற்குக் கணக்குக் கிடைக்கிறது. அடுத்தது இதைவிடப் பெரியது. ஊர் முழுக்கக் கூவாமலே, அந்தப் பொருளை இந்த நிமிடம் தேடிக்கொண்டிருக்கும் ஆளின் கண்ணில் படலாம்.

கொக்குவிலில் இரவு எட்டு மணிக்கு ஒருவரின் மோட்டார் சைக்கிள் பஞ்சராகி நிற்கிறது என்று வையுங்கள். அவர் கைத்தொலைபேசியை எடுத்து, பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று கூகுளில் தேடுகிறார். மறுநாள் அதே மனிதர் பஸ்ஸில் இருந்துகொண்டு பேஸ்புக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு கேக்கின் வீடியோ வருகிறது. கேக் வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை; பார்த்ததும் மகளின் பிறந்தநாள் நினைவுக்கு வருகிறது. முதலாவது, தேடி வருபவர். இரண்டாவது, தற்செயலாகப் பார்ப்பவர். இவர்களோடு மூன்றாவதாக, ஏற்கெனவே உங்களிடம் வாங்கிப் போனவர். இணையத்தில் செய்யும் எந்த விளம்பர வேலையும் இந்த மூவரில் ஒருவரை நோக்கியதுதான்.

தேடி வருபவருக்கும் ஏற்கெனவே வாங்கியவருக்கும் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் காசு வேண்டாம். தற்செயலாகப் பார்ப்பவரைப் பிடிக்கத்தான் காசு வேண்டும். ஆனால் நம் ஊரில் பலர் தொடங்குவது அந்தத் தற்செயல் ஆளிடமிருந்துதான். பேஸ்புக்கில் பக்கம் திறந்த அன்றே ஐயாயிரம் ரூபாவுக்குப் பூஸ்ட், அதாவது காசு கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டுவது. கூகுள் வரைபடத்தில் கடை இல்லை, தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை.

வரைபடத்தில் ஒரு புள்ளி

கூகுளில் கடையைப் பதிவு செய்வதற்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டதும் இதுதான். கட்டணம் இல்லை. பெயர், தொழில் வகை, முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுத்து, கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த வேண்டும். இப்போது பெரும்பாலும் கடையின் முகப்பையும் உட்புறத்தையும் வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்கிறார்கள்.

ஒருவர் தேடும்போது எந்தக் கடையை மேலே காட்டுவது என்பதைக் கூகுள் முக்கியமாக மூன்றை வைத்துத் தீர்மானிக்கிறது: தேடியதற்கும் கடையின் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. தொழில் வகையில் பொதுவாகக் ‘கடை’ என்று போடாமல் என்ன கடை என்று போடுவதும், வாங்கியவர்களிடம் ஒரு விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பதும் இதற்காகத்தான். விமர்சனத்துக்குப் பரிசோ கழிவோ கொடுப்பது கூகுளின் விதிகளுக்கு மாறானது. மச்சான், மருமகன் எல்லோரையும் பிடித்து ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும் வாசிப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நம் முகவரிகளில் பாதி ஒழுங்கைகளில் இருக்கிறது. புள்ளியைப் பிரதான வீதியில் வைத்துவிட்டால் வருகிறவர் தெரு முனையில் நின்று அழைப்பார்; அழைக்காமல் திரும்புகிறவரும் உண்டு. புள்ளியை விரலால் நகர்த்திச் சரியான வாசலில் வையுங்கள். வீதியிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படத்தையும் சேருங்கள். உள்ளே அடுக்கிய சாமான்களின் படத்தைவிட அதுதான் வழி காட்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றி வீதிகள் மறிக்கப்படும். அந்த நாட்களுக்கென்று தனி நேரத்தைக் குறிக்கும் வசதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் கையில் கூகுள் வரைபடத்தோடு அலையும் காலமும் அதுவேதான்.

பிறகு, திருநெல்வேலி. நம்முடைய திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர், கடை விவரத்தில் யாழ்ப்பாணம் என்ற சொல்லையும் சேர்த்துப் போட வேண்டும். அல்லாவிட்டால் அல்வாவுக்குப் பெயர் போன தமிழ்நாட்டுத் திருநெல்வேலியோடு மோத வேண்டிவரும். இதே கவனம் கட்டண விளம்பரத்தில் இடத்தைத் தெரிவு செய்யும்போது இரட்டிப்பாக வேண்டும். அங்கே தவறான ஊரைத் தட்டினால் கடலுக்கு அப்பால் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்ட நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

‘இன்பொக்ஸ் வாருங்கள்’

கடையைக் கண்டுபிடித்தவர் அடுத்துக் கேட்பது விலை. இங்கேதான் ஒரு விசித்திரமான பழக்கம் குறுக்கே நிற்கிறது. பேஸ்புக் பக்கத்தில் சேலையின் படம் இருக்கும், நிறம் இருக்கும், துணியின் பெயர் இருக்கும், விலை இருக்காது. கீழே முப்பது பேர் ‘விலை?’ என்று எழுதியிருப்பார்கள். முப்பது பேருக்கும் ‘இன்பொக்ஸ் வாருங்கள்’ என்று ஒரே பதில். பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடக் கூடாதாம். பக்கத்துக் கடைக்காரருக்கு இன்பொக்ஸ் அனுப்பத் தெரியாதா?

இதனால் நேர்வது என்னவென்றால், வாங்கக் கூடியவர் களைத்துப் போகிறார். மேலும், பதில் சொல்லும் வேலை முப்பது மடங்காகிறது. விலையைப் படத்திலேயே போட்டால் கட்டுப்படியாகாதவர் விலகிவிடுவார். கேட்டு வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருவார். விளம்பரத்துக்குப் பணம் செலவிடும் முன் செய்யக்கூடிய மிக மலிவான முன்னேற்றம் இதுதான் என்பது என் கட்சி.

வட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018இல் வந்தது. சிறு வியாபாரிகளுக்கு இலவசம். சாதாரண வட்ஸ்அப்பில் இல்லாத சில வசதிகள் இதில் இருக்கின்றன. பொருட்களைப் படம், விலை, விவரத்தோடு அடுக்கி வைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. 500 பொருள் வரை சேர்க்கலாம். கடை பூட்டிய பிறகு வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதில் உண்டு. ‘பணம் வரவேண்டும்’, ‘அனுப்பியாயிற்று’ என்று உரையாடல்களுக்கு நிறக்குறி ஒட்டலாம். எனக்கு மிகவும் பிடித்தது விரைவுப் பதில். ஒரு சாய்கோடும் நீங்கள் வைத்த குறிச்சொல்லும் தட்டினால், முன்பே எழுதி வைத்த முழுப் பதிலும் வந்து நிற்கும். சுன்னாகத்தில் கறித்தூள் விற்கும் ஒருவர் இப்படி எழுதி வைத்திருக்கலாம்:

‘வணக்கம். வறுத்து இடித்த கறித்தூள் 500 கிராம் 1,200 ரூபா. உறைப்புக் கூடியது, குறைந்தது என இரண்டு வகை. சுன்னாகத்தில் கடையில் எடுக்கலாம். கொழும்புக்குக் கூரியரில் அனுப்புவோம், கட்டணம் தனி. எத்தனை பைக்கற், எந்த ஊருக்கு என்று எழுதுங்கள்.’

இதில் விலை இருக்கிறது, வகை இருக்கிறது, பொருள் கைக்கு வரும் வழி இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் வந்தவர் ‘சரி, நன்றி’ என்று போய்விடுவார்.

பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பக் குழு தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் சேலை வாங்கிய ஒரு பெண்ணின் எண் அறிமுகமில்லாத நூறு பேருக்குப் போவதை அவர் விரும்பமாட்டார். அதற்குப் பதிலாக பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது சேரும். ஆகவே பில்லோடு சேர்த்து, ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் அக்கா, புதுச் சாமான் வந்தால் அறிவிக்கிறோம்’ என்று சொல்லிவிடுவது பயன் தரும். எங்கோ வாங்கிய எண் பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பினால், பெறுபவர்கள் முறையிட்டு உங்கள் எண்ணே முடக்கப்படலாம்.

காசு கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் இன்னொருவர்

யாழ்ப்பாணத்து வியாபாரத்தின் உண்மையான தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. பொதுவான சந்தைப்படுத்தல் பாடங்கள் வாடிக்கையாளரை ஒரே ஆளாகப் பார்க்கும். நம்மிடம் பல வேளைகளில் அவர் இரண்டு ஆட்கள். ‘அக்கா, வெள்ளிக்கிழமை அம்மாவின் பிறந்தநாள். கோண்டாவிலுக்கு ஒரு கேக் கொடுக்க முடியுமா?’ என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு செய்தி வருகிறது. காசு அங்கே, கேக் இங்கே.

நேரத்தை முதலில் பாருங்கள். இங்கே இரவு 9 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 11.30, லண்டனில் மாலை 4.30. கடையைப் பூட்டிய பிறகுதான் கனடாவிலிருந்து கேள்விகள் வரும். காலையில் எழுந்து பதில் போட்டால் அங்கே அவர் தூங்கப் போயிருப்பார். ஒரு கேக்கைப் பேசி முடிக்க மூன்று நாள் ஆகும். இந்த வியாபாரம் வேண்டுமென்றால் வீட்டில் யாராவது ஒருவர் இரவு பதினொரு மணி வரை தொலைபேசியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது முகவரி. அனுப்புகிறவர் ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் ஆகியிருக்கலாம். அவர் சொல்லும் அடையாளக் கடை இப்போது இருக்காது. வீட்டாரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உடனே அழைத்துவிடாதீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் கொடுப்பதற்காகத்தான் அவர் இவ்வளவு பாடுபடுகிறார். ‘வாசலுக்கு வந்த பிறகு மட்டும் அழைக்கலாமா?’ என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எப்படி வரும்? பேஹியர் போன்ற இலங்கைக் கட்டணச் சேவையில் பதிந்து, கொடுப்பனவு இணைப்பு ஒன்றை அனுப்பினால் அவர் தன் வங்கி அட்டையால் செலுத்தலாம். இங்குள்ள உறவினர் ஒருவர் உங்கள் வங்கிக் கணக்கில் போடுவதும் வழக்கம். அப்படிப் போட்டதும் பற்றுச்சீட்டின் படம் ஒன்று வட்ஸ்அப்பில் வரும். அந்தப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். படத்தில் இலக்கத்தை மாற்றச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்நாட்டு வங்கிகளுக்கிடையே ஒன்லைனில் மாற்றும் பணம் பெரும்பாலும் உடனுக்குடன் வந்துவிடுகிறது. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு கேக்கைக் கட்டுங்கள்.

கொடுத்து முடித்ததும் அம்மா கேக் வெட்டும் படம் ஒன்றை அனுப்பினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வேறு கடையைத் தேடமாட்டார். அதை உங்கள் பக்கத்தில் போட விரும்பினால் இரு பக்கத்திலும் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் வீட்டின் படலையும் கழுத்துச் சங்கிலியும் தெரியாமல் வெட்டிப் போடுவது நல்லது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடு இது என்று ஊருக்கே அறிவிக்க வேண்டியதில்லை.

குறுஞ்செய்தியில் தமிழுக்கு விலை கூட

இணையம் இல்லாத கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேருவது எஸ்எம்எஸ். வட்ஸ்அப் பயன்படுத்தாத பெரியவர்கள் நிறைய உள்ள ஊரில் அதைத் தள்ளிவிட முடியாது. தொலைபேசி நிறுவனங்களிடமோ முகவர்களிடமோ மொத்தமாக வாங்கி அனுப்பலாம். ஆனால் விலை பேசும்போது பலருக்குத் தெரியாத ஒன்று: ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70 இடம்தான். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘நல்லூர்’ நமக்கு நான்கு எழுத்து. கணினி புள்ளியையும் ஊகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணி ஏழு என்கிறது. ‘யாழ்ப்பாணம்’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. எழுபதைத் தாண்டினால் செய்தி 67 இடமுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பொதுவாகத் துண்டுக்குத் துண்டு கட்டணம் விழும். 140 இடம் பிடிக்கும் தமிழ்ச் செய்தி இரண்டல்ல, மூன்று செய்திகளின் விலை. ‘அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே’ என்று தொடங்கினால் ஒரு செய்தியின் பாதி இடம் வணக்கத்திலேயே போய்விடும். கடையின் பெயர், சலுகை, கடைசி நாள், தொலைபேசி எண், அவ்வளவு போதும்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் கேள்விதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதத்தை எதிர்பார்க்கிறது. பில் போடும்போதே கேட்டு, சம்மதித்தவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். வேண்டாம் என்றவரை அன்றே நீக்குங்கள்.

பூஸ்ட் பொத்தான்

பக்கத்தைத் தொடரும் எல்லோருக்கும் உங்கள் பதிவு போவதில்லை. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுக்கப் போவதாகப் பேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது. அதன் பிறகு கடைப் பக்கங்களின் பதிவுகள் காசு கொடுக்காமல் பரவுவது இன்னும் கடினமானது. அதனால்தான் பூஸ்ட்.

பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா, திரையில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் ஏலம் விடுகிறது. பாசையூரில் மீன் ஏலத்தில் கூடக் கேட்டவருக்கு மீன் போகும். இந்த ஏலம் அப்படியல்ல. நீங்கள் கேட்கும் தொகையோடு, பார்ப்பவர் அந்த விளம்பரத்தைத் தொடுவாரா என்ற கணிப்பையும் விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. மக்கள் நின்று பார்க்கும் விளம்பரம் குறைந்த தொகையிலும் வெல்லும். விலை இல்லாத, மங்கலான படம் என்றால் அதே இடத்துக்குக் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

பூஸ்ட் செய்யும்போது என்ன வேண்டும் என்று கேட்கப்படும். விருப்புக் குறி வேண்டும் என்று தெரிவு செய்தால், எதற்கும் விருப்புப் போடும் ஆட்களை மெட்டா தேடிக் காட்டும்; அது சொன்னதைத்தான் செய்கிறது. செய்தி வரவேண்டும் என்று தெரிவு செய்து வட்ஸ்அப்போடு இணையுங்கள். யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தோசை வாங்க அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். கலியாணக் கூறை வாங்க வருவார்கள். சுற்றளவைப் பொருளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். ரொறன்ரோவில் தமிழ் பேசுவோருக்கு மட்டும் காட்டவும் முடியும். அங்கே போட்டியிடும் விளம்பரதாரர்கள் அதிகம் என்பதால் பொதுவாகச் செலவும் கூடும்.

இனிக் கணக்கு. எடுத்துக்காட்டாக 5,000 ரூபா செலவிட்டதில் 40 பேர் கேட்டு வந்தார்கள், 8 பேர் வாங்கினார்கள் என்று வைப்போம். ஒரு விசாரணைக்கு 125 ரூபா, ஒரு விற்பனைக்கு 625 ரூபா. ஒரு கேக்கில் செலவு போக 900 ரூபா மிஞ்சினால் 2,200 ரூபா கையில் நிற்கும். 500 ரூபாதான் மிஞ்சும் என்றால் 1,000 ரூபா நட்டம். எத்தனையாயிரம் பேர் பார்த்தார்கள் என்ற எண் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. முகவர் ஒருவர் உங்களுக்காக விளம்பரம் செய்தால், அவர் காட்டும் அந்தப் பெரிய எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று கேளுங்கள். வாங்காமல் போன 32 பேரின் உரையாடல்களையும் ஒரு மாலை இருந்து வாசியுங்கள். எங்கே நின்றுபோனது என்று அதிலேயே தெரியும். பாதி வேளை, நம் பதில் பிந்தியதில்தான் நின்றிருக்கும்.

டிக்டொக், யூரியூப் குறுவீடியோக்களுக்குப் பணத்தைவிடப் பொறுமை வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். பலர் ஒலியை அடக்கிவிட்டுப் பார்ப்பதால் முக்கியமானதை எழுத்திலும் போடுங்கள். பனாட்டு காய்வதையும் மிளகாய் வறுபடுவதையும் காட்டினால் போதும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டியதில்லை. இணையத்தளம் எல்லோருக்கும் அவசியமில்லை. விடுதி நடத்துகிறவருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கும் வேண்டும். அதுவும் கைத்தொலைபேசியில், வைஃபை இல்லாமல், விரைவாகத் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் யார் பெயரில் திறக்கிறீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். வழக்கமாகக் கடையில் நிற்கும் தம்பி ஒருவர்தான் ஆர்வத்தோடு பக்கத்தையும் கூகுள் பதிவையும் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுப்பார். இரண்டு வருடத்தில் அவர் பிரான்ஸுக்குப் போய்விடுவார். கடவுச்சொல்லும் கூடவே விமானம் ஏறிவிடும். அவர் அங்கே எண்ணை மாற்றிய பிறகு, பழைய விலையும் பழைய தொலைபேசி எண்ணும் உள்ள அந்தப் பக்கத்தை யாராலும் திருத்த முடியாது. கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, முதலாளியின் கைத்தொலைபேசி எண்ணோடு இணைத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டு, பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகளை வையுங்கள். அதில் ஒருவர் கடை முதலாளியாக இருக்கட்டும்.